பட்டியலின் மூன்றாவது கட்டுரை

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பாபநாசம் உளவியல் சொல்லிக்கொடுத்தான். முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான் என்று அவன் அம்மாவுக்கு வருத்தம். அவனுக்கு இஸ்ரவேல் இருந்தான். பேட்டையில் லேத் பட்டறைக்காரன். ஊருக்கு இருவரும் சிநேகிதர்கள். ஞாயிறு சாயங்காலம் பாபநாசத்தின் வாடகை அறைக்கு இஸ்ரவேல் வருவான். எப்போதும் குடித்துவிட்டுத்தான் வருவான்.

ஒருநாள் பாபநாசம் கேட்டேவிட்டான். "ஒரு தடவையாவது குடிக்காம வரப்பிடாதாலே?"

இஸ்ரவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குடிக்காம ஒன்ன நெனச்சா கூசுது. பாவம் பண்ணுதோம்னு தோணுது. குடிச்சா அது தெரியல. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

பாபநாசத்துக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இது இவன் ஒருத்தனுடைய பாடா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா? அதுவரை அவன் அச்சில் போட்டிருந்த இரண்டு கட்டுரைகளும் மாணவர்களின் பரீட்சை பயத்தைப் பற்றியவை. இனி இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இஸ்ரவேலுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் இன்னொருவர், அவர் மூலம் வேறொருவர் என்று அவனைப் போலவே ஆண்களை நேசித்துக் குடிக்கிற ஆட்கள் கிடைத்தார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து பேசினார்கள். பேரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் அரைமணி நேரம் மழையைப் பற்றியே பேசிவிட்டு, பிறகு தேம்பித் தேம்பி அழுதார். பாபநாசம் அன்று ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

கட்டுரையை முதலில் அனுப்பிய பத்திரிகை, நம் நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை என்று திருப்பிவிட்டது. அடுத்தது, 'ஆண்கள்' என்று வருகிற இடமெல்லாம் 'நோயாளிகள்' என்று மாற்றினால் போடுகிறோம் என்றது. மாட்டேன் என்று எழுதிவிட்டான். தொண்ணூற்றாறில் பெங்களூரிலிருந்து வந்த சின்னப் பத்திரிகை ஒன்று அதை அப்படியே போட்டது.

"இங்கிலீசுல என்னத்தலே எழுதிருக்க? தமிழ்ல சொல்லு" என்றான் இஸ்ரவேல்.

பாபநாசம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் இஸ்ரவேல் கையை நீட்டி நிறுத்தினான்.

"இது நான் சொன்னதுல்லா?"

"ஆமா. நீ சரின்னு சொன்ன பொறவுதான போட்டேன்."

"நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லல. அடுத்தாப்ல சொல்லு."

அடுத்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். அதற்கடுத்தவரும். பாபநாசம் கடைசி வரிவரை சொல்லி முடித்தான்.

"நான் மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேம்லே" என்றான் இஸ்ரவேல்.

குடிநோய் மருத்துவரிடம் போகலாம் என்று அவனே சொன்னான். இரண்டு தடவை சறுக்கினான். இரண்டு தடவையும் பாபநாசம் கோபப்படாமல் மறுபடி கூட்டிக்கொண்டு போனான்.

தொண்ணூற்றெட்டில் கல்லூரியில் பதவி உயர்வுக்கு நேர்முகம் வைத்தார்கள். துறைத்தலைவர் சிவசண்முகம் நல்ல மனுஷர். பாபநாசத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒம்ம கட்டுரைப் பட்டியல்ல அந்த மூணாவதை மட்டும் எடுத்துரும்வே. மத்தது போதும். எதுக்கு வம்பு?"

இஸ்ரவேலும் அதையேதான் சொன்னான். "எடுத்துருலே. ஒனக்கு வேலைதான் முக்கியம்."

"அத எடுத்தா ஒன்னயும்லா எடுக்கணும்" என்றான் பாபநாசம்.

நேர்முகத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரின் விரல் பட்டியலின் மூன்றாவது வரியிலேயே நின்றது. "இந்தப் பொருளை ஏன் எடுத்தீர்கள்?"

பாபநாசம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான். "எனக்கு வேண்டியவர் ஒருத்தர் குடிச்சு அழிஞ்சுக்கிட்டிருந்தார் ஐயா. ஏன்னு தெரிஞ்சுக்க எழுதினேன்."

அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதவி அவனைவிட இளையவர் ஒருவருக்குப் போயிற்று.

முடிவு தெரிந்த மறுநாள் இஸ்ரவேல் பட்டறைக்குப் போகாமல் வந்து நின்றான். "கெளம்பு. மாஞ்சோலைக்குப் போயிட்டு வருவோம்." மணிமுத்தாறு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது குளிர் அடித்தது. இஸ்ரவேல் தன் துண்டைப் பிரித்து இருவர் தோளிலும் சேர்த்துப் போட்டான். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவன் துண்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாபநாசத்தின் மேல் சாய்ந்து தூங்கிப்போனான்.