சிமென்ட்டில் முடிந்த வரி

கல்வெட்டின் மேல் ஒட்டி மைப்படி எடுத்த அந்தத் தாளின் கீழ்விளிம்பில் ஒரு சாம்பல் பட்டை இருக்கும். தாள் முழுக்க அடர்ந்த கறுப்பு, அதில் வெள்ளை வெள்ளையாக வட்டெழுத்துகள், ஈரமணலில் நண்டு நடந்த மாதிரி. கீழே மட்டும் நாலு விரல் அகலத்துக்கு எழுத்தே கிடையாது. சொரசொரப்பான சிமென்ட்டில் மை பட்ட தடம் திட்டுத்திட்டாகச் சாம்பல் பூத்திருக்கும். ஈரத்தாளைச் சுவரில் ஒட்டிப் பிரஷ்ஷால் அடித்துக்கொண்டே கீழே இறங்கிய கல்வெட்டு அம்மா, அந்த இடம் வந்ததும் கையை நிறுத்தினார். கோயில் தரையை யாரோ எப்போதோ உயர்த்திச் சிமென்ட் பூசியிருந்தார்கள். கல்வெட்டின் கடைசி வரி தரைக்குள் போய்விட்டது. "வாயில துணிய வச்சு அடைச்ச மாதிரி இருக்கு பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, சிமென்ட்டின் மேலும் தாளை ஒட்டி அடித்தார். எங்கே நின்றது என்பதும் தாளில் இருக்க வேண்டுமாம்.

நான் தூத்துக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். ஆடி மாதம் வந்தால் ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவேன். அப்படி ஓர் ஆடியில்தான் பழைய கோயில்களை ஆவணப்படுத்தும் திட்டம் ஒன்றுக்குப் படமெடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். திட்டத்தின் தலைவர் சென்னையிலிருந்து வந்த நிபுணர். எல்லாருக்கும் அவர் டாக்டர் சார். கல்வெட்டு படிப்பதற்கு வந்தவர் அந்த அம்மா. தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர்க்காரர், கல்வெட்டாராய்ச்சியிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். கோயில், திருச்செந்தூர் போகிற வழியில் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் சின்னச் சிவன் கோயில். ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி நடந்தது என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அம்மா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஆடிக் கச்சான் கிளம்பிவிட்டால் ஈரத்தாளைக் கிழித்து உப்பளத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், காற்று எழும் முன்னே வந்துவிடுவார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நார் வைத்துச் சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம் அதில் இருக்கும். தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றி ஒற்றி எடுக்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக முழித்துக்கொள்ளும். நான் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "இனிமே கவலை இல்லம்மா, காப்பாத்தியாச்சு" என்றேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "படி எடுத்துட்டா கல்லக் காப்பாத்துனதா ஆயிருமா? நீங்க எடுத்த கல்யாண போட்டோவாலதான் புருசன் பொண்டாட்டி சேந்து இருக்காவளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேச்சு எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

தாள் காய்ந்த பிறகு படித்துக் காட்டினார். அரசனின் ஆட்சியாண்டு, சாமியின் பெயர், ஓயாமல் எரிய வேண்டிய ஒரு விளக்கு. அந்த விளக்கை வைத்தது அரசனும் இல்லை, அதிகாரியும் இல்லை. இந்த ஊரில் முத்துக்குளிக்கிற ஒருவனின் மனைவி. 'மணவாட்டி' என்ற சொல்லோடு தாளில் எழுத்து முடிகிறது. அடுத்து வரவேண்டியது அவள் பெயர். அது சிமென்ட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் முத்தை விற்றவன் பெயர் கிடைக்கும், வாங்கினவன் பெயர் கிடைக்கும். கடலுக்குள் இறங்கினவன் வீட்டுப் பெண்ணின் பெயரை எந்தக் கல்லிலும் தான் படித்ததில்லை என்றார் அம்மா. சொல்லும்போது அவர் கை சிமென்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு பெயருக்காக அவர் அந்தக் கோயிலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

டாக்டர் சார் கோயிலுக்கு வந்தது குறைவு. வந்தால் ட்ரோன் வரும், நீலக் குடை வரும், அவருக்கென்று ஒரு மடக்கு நாற்காலி வரும். பொம்மை விமானம் கோபுரத்தைச் சுற்றி ரீங்காரமிட, புறாக்கள் அலறிக்கொண்டு பறக்க, அவர் அண்ணாந்து பார்த்து "பியூட்டிஃபுல்" என்பார். அவர் சுவர்ப்பக்கம் வந்து குனிந்ததை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஊர்க்காரர்கள் மக்ரூன் பொட்டலம் வாங்கிக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றாக வாயில் போட்டு, உதட்டோரத்தில் தூள் ஒட்டியிருக்க, மரபுச் செல்வம் பற்றி என் கேமராவைப் பார்த்து ஒரு பேட்டி கொடுத்தார். முடிந்ததும் பிசுபிசுத்த விரல்களைத் துடைக்கத் துணி தேடினார். பக்கத்தில், மை சரியாகப் பிடிக்கவில்லை என்று அம்மா எடுத்து வைத்திருந்த படித்தாள் ஒன்று கிடந்தது. அதில் துடைத்துக் கசக்கிப் போட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மக்ரூன் தொண்டையில் இறங்குவதில்லை. ஊருக்கே பேர்போன பண்டம், என்ன செய்ய.

இந்த நேரத்தில்தான் கோயிலுக்குக் கும்பாபிஷேக நாள் குறித்தார்கள். திருப்பணிக் குழுத் தலைவர் எங்கள் ஊரில் டைல்ஸ், கிரானைட் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பக்தியில் குறை சொல்ல முடியாது. விபூதி இல்லாத நெற்றியோடு அவரைப் பார்த்தவர் இல்லை. பழைய தரையை உடைத்துக் கிரானைட் போடப் போகிறோம், சுவரை மெஷின் வைத்துப் பளிச்சென்று ஆக்கப் போகிறோம் என்றார். மெஷின் என்றால் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடிக்கிற மெஷின். துருப்பிடித்த கப்பலைச் சுரண்டுவதற்கு எங்கள் துறைமுகத்தில் வைத்திருப்பார்கள். கடற்காற்றில் ஊறி இளகிப்போன கல்லில் அதைக் காட்டினால் என்ன மிஞ்சும்? அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், மெஷினே வேண்டாம், தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்று. அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. தரையை உடைத்ததும் தன்னைக் கூப்பிட வேண்டும், கடைசி வரியைத் தான் படித்த பிறகே மெஷின் உள்ளே வர வேண்டும்.

"அதுக்கென்ன மேடம், பயப்படாதீய. தரைய ஒடச்ச ஒடனே மொத போன் ஒங்களுக்குத்தான். நீங்க படிச்ச பொறவுதான் மிசினு உள்ள வரும். சாமி மேல சத்தியம்" என்றார் அண்ணாச்சி. சாமி அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அம்மா திருநெல்வேலி வீட்டில் தாளும் மையும் பிரஷ்ஷும் வைத்த பையை வாசற்கதவின் பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தார். போன் வரவில்லை. திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்கு நாள் பேசிவிட்டுத் திரும்பும்போது, தற்செயலாக நான்தான் அந்த வழியாக வந்தேன். தெருமுனையிலேயே கம்ப்ரசர் சத்தம் கேட்டது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கோயிலைச் சுற்றி வெள்ளைப் புகை. பூவரச இலையெல்லாம் மாவு தூவினாற்போல வெளுத்திருந்தது. தரை உடைத்துக் கிடக்க, முகத்தில் துண்டு கட்டிய ஓர் ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு அடிவரிசைக் கல்லின் மேல் நிதானமாக நகர்த்திக்கொண்டிருந்தார். மேல் வரிசைகள் ஏற்கெனவே முடிந்துவிட்டன. நான் கத்தினேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாய்க்குள் கல்மாவு புகுந்து பல்லில் நறநறவென்றது. துப்பினேன், துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. துப்புவது எதை என்று நினைப்பு வந்தது. அங்கேயே, பூவரச மரத்தடியில், வாந்தி எடுத்தேன்.

அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். உண்மையிலேயே பதறித்தான் வந்தார், பொய் சொல்லக்கூடாது. "ஏன் தம்பி சத்தம் போடுதீய? எல்லாம் பதிவாயிட்டுன்னு டாக்டர் சார் எழுதிக் குடுத்துட்டாருல்லா? இனி இந்தச் செவுத்துல என்ன இருக்கு?" என்றார். திட்டத்தை முடித்துக் கணக்கை மூட வேண்டிய அவசரத்தில், இந்தக் கோயிலின் ஆவணப்பணி முழுமையாக முடிந்தது என்று டாக்டர் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது போதும் அண்ணாச்சிக்கு. இடிப்பவனுக்குக் கடப்பாரை வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதுகாக்கிறவர் கொடுத்த நற்சான்று அதைவிட நன்றாக இடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் போனில் சொன்னதும் அம்மா அன்று மாலையே வந்துவிட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மொழுமொழுவென்று இருந்தது. "சவத்துக்குச் சவரம் பண்ணி வச்சிருக்கானுவ" என்றார். என் போனில் டாக்டர் சாரைப் பிடித்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவர் குரல் குளுகுளுவென்று வந்தது. "டோன்ட் வொரி மேடம், நம்மகிட்ட த்ரீ-டி மாடல் இருக்கு. ஒரிஜினலைவிட கிளியரா இருக்கும்."

"கடைசி வரி சார்?"

"முக்காவாசி கிடைச்சிருச்சே மேடம். ஒரு பேருதானே?"

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். போனைத் தொட்ட கையை ஒருவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

கும்பாபிஷேகத்தன்று அவரையும் மேடைக்கு அழைத்தார்கள். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வந்தார். டாக்டர் சார் மரபைக் காக்கும் மக்களின் விழிப்புணர்வைப் பாராட்டிப் பேசி, அம்மா எடுத்த படிகளில் ஒன்றை அண்ணாச்சியிடம் நினைவுப்பரிசாகக் கொடுத்தார். அம்மாவைக் கேட்டுக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். அண்ணாச்சி ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார். அம்மா அந்தப் பொன்னாடையோடு நேராக இறங்கிக் கோயிலின் பின்புறம் போனார். நான் பின்னாலேயே போனேன். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, பொன்னாடையை உருவி அடிவரிசைக் கல்லில் படிந்திருந்த மாவைத் துடைக்கத் தொடங்கினார். "லைட்டச் சாய்ச்சுப் பிடிங்க தம்பி" என்றார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். என் வீடியோ விளக்கைத் தரையோடு தரையாக வைத்துப் பிடித்தேன். இருவரும் குனிந்து தேடினோம். ஓரிடத்தில் லேசான ஒரு வளைவு தெரிந்தது. அதை விரலால் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு தடவினார், மறுபடியும் தடவினார். எழுத்தின் வளைவா, உளி பட்டதா, மெஷின் கீறியதா, அவராலேயே சொல்ல முடியவில்லை. மேடையில் நாதஸ்வரம் தொடங்கியது. ஜரிகை முழுக்க வெள்ளை மாவு அப்பிய பொன்னாடையை அங்கேயே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்தார்.

இன்றும் போனில் பேசும்போதெல்லாம் ஒன்று கேட்பார். "தரைய ஒடச்ச அன்னைக்கு அங்க நின்னவுக யாராச்சும் செல்போன்ல ஒரு படம் எடுத்திருப்பாவளா தம்பி?" விசாரிக்காமல் இல்லை. மெஷின் ஆட்கள் வேறொரு கோயிலைச் சுரண்டப் போயிருந்தார்கள். தேடிப் பிடித்தேன். ஒரு பையன் செல்ஃபி எடுத்திருந்தான். அவன் முகம் இருந்தது, கூலிங் கிளாஸ் இருந்தது, சுவர் இல்லை.

போன மாதம் அதே கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனேன். கிரானைட் தரை வழுக்கியது. டியூப்லைட், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றிலும் உபயதாரர் பெயர். சூலத்தில் மட்டும்தான் இல்லை என்று நினைக்கிறேன், கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் சித்தப்பா, "தம்பி, அந்தக் கறுப்பு டிசைன் முன்னால ரெண்டு பேரையும் நிறுத்தி ஒண்ணு எடுங்க, சூப்பரா இருக்கும்" என்று மண்டபச் சுவரைக் காட்டினார். கேமராவில் கண்ணை வைத்தேன். அம்மாவின் படித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதனால் சாம்பல் பட்டை உச்சியில் இருந்தது. அதற்கு அடுத்து, அந்தக் கல்யாணப் பெண்ணின் தலைக்கு நேர் மேலே, 'மணவாட்டி' என்ற சொல் கவிழ்ந்து கிடந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எத்தனை முறை அம்மா விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெயர் வந்திருக்க வேண்டிய பட்டையின் மேல், கண்ணாடியில், தங்க எழுத்தில் 'உபயம்' என்று போட்டு டைல்ஸ் கடை அண்ணாச்சியின் முழுப்பெயர் ஒட்டியிருந்தது. அது மட்டும் நேராக இருந்தது. எனக்கு மறுபடியும் பல்லில் நறநறத்தது. படத்தை எடுத்தேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்.

மறைக்க முடியாமல் அன்று இரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"பெயின்டா, ஸ்டிக்கரா?" என்று கேட்டார்.

"ஸ்டிக்கர்தான்மா."

"அப்போ விடுங்க. உப்புக் காத்து. ரெண்டு கச்சானுக்குத் தாங்காது, உரிஞ்சு விழுந்துரும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். உரிந்து விழுந்தால் அதற்கடியில் இருப்பது வெறும் சாம்பல் பட்டைதான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.