கவிழ்த்துப் பார்த்த தேர்

இங்கிலாந்து மன்னர் மறைந்த துக்கத்துக்காகத் தள்ளிவைக்கப்பட்டிருந்த கலை விழா, அந்த வருடம் பங்குனியில்தான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் நடந்தது. தேதியை நான் குறித்து வைக்கவில்லை. ஆனால் அது சனிக்கிழமை என்பதில் சந்தேகமில்லை. மறுநாள் ஞாயிறு முழுவதும் நாங்கள் என்ன செய்தோம் என்பது அப்படியே நினைவிருக்கிறது.

நான் அப்போது பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலமும் தமிழும் எழுதத் தெரியும் என்பதால், விழாவின் கைவினைக் கண்காட்சிக்குப் பெயர் அட்டைகள் எழுத முதலாளி என்னை அனுப்பினார். மண்டபத்தின் நீளவாட்டில் மேசைகள். மேல்கோடியில் துரைசானிகள் தீட்டிய நீர்வண்ணப் படங்களும் பின்னல் வேலைகளும். நடுவில் கண்டிப் பித்தளைத் தட்டுகள். வாசலை ஒட்டிய கடைசி மேசை தோட்டத்து ஆட்களுக்கு. அதில் மூங்கில் கூடைகள், ஒரு உடுக்கு, பாசிமணி மாலைகள், எங்கள் அண்ணன் செய்த தேர்.

அண்ணன் தோட்டத்துத் தேயிலை ஆலையில் பெட்டி அடிக்கிற தச்சர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மனை வைத்து இழுத்து வர முழங்கால் உயரத்தில் ஒரு தேர் செய்திருந்தார். நான்கு சக்கரமும் உருளும். கூம்பில் ஈயத்தகட்டை மல்லிகை மொட்டுப் போல வெட்டி ஒட்டியிருந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கண்காட்சிக்கு ஏதோ போகிறது என்று கேள்விப்பட்ட எங்கள் துரை, நம் தோட்டத்திலிருந்தும் ஒன்று போகவேண்டும் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். கங்காணி நேரே அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "சாமிக்குன்னு செஞ்சத சந்தையில கொண்டு வெக்கிறீங்க. ஆத்தா கேக்க மாட்டாளா?"

"சந்தை இல்ல புள்ள. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க."

"பாக்கிறவங்க கண்ணு சும்மாவா இருக்கும்?"

காலையில் தேரை மேசையில் ஏற்றியபோது, அட்டையில் எழுதுவதற்காக, "என்ன பலகைண்ணே?" என்று கேட்டேன். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சத்தம் போடாத. ஆலைல பெட்டி உடைசல். பாய்லருக்குப் போறதுதான். ஈயமும் ஓரத்துல வெட்டிப் போட்டது."

"கேட்டு எடுத்தீங்களா?"

"குப்பைய யாருடா கேட்டு எடுப்பா?"

"பலகைல தோட்டத்து மார்க்கு இருக்குமே?"

"அடித்தட்டுப் பலகை ஒன்னுல இருக்கு. உள்ளாற திருப்பத் தோதுப்படல, கீழ பாக்க வெச்சுட்டேன். தேரைப் போயி எவன்டா கவுத்துப் பாப்பான்?"

அது நியாயமாகத்தான் பட்டது. எங்களில் யாரும் தேரைக் கவிழ்த்ததில்லை. கவிழ்ப்பதைப் பார்த்ததும் இல்லை.

ஆனாலும் அட்டையில் பலகையின் பெயரை எழுதாமல் விட்டேன். தேயிலை விலை விழுந்திருந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களைத் தோட்டம் வெளியே அனுப்பியிருந்தது. துரை வேலைநீக்கப் பத்துச்சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். அண்ணனுக்கு எழுதினால் அண்ணியும் பிள்ளைகளும் அன்றைக்கே சட்டி பானையோடு ரோட்டில் நிற்கவேண்டும். ஆலைச் சாமானில் கைவைத்தவன் என்று எழுதிவிட்டால் பக்கத்துத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

நடுவராக வந்தவர் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு முதிய துரைசானி. பின்னால் நாலைந்து துரைமார். எங்கள் துரையும் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் அவர்களில் இருந்தார்கள். பொருளைச் செய்தவர்கள் மேசைக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்பது உத்தரவு. அண்ணன் கோட்டின் பித்தான் அத்தனையும் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வர அனுமதியில்லாத அண்ணி வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

துரைசானி பின்னல் விரிப்பைப் பார்த்தார். மடித்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். பித்தளைத் தட்டைத் திருப்பி அடிப்பகுதியை விரலால் தடவினார். கிளிஞ்சல் ஒட்டிய பெட்டியைத் தலைகீழாக்கிப் பிசின் வழிந்த இடத்தைக் காட்டி உதட்டைச் சுழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல வேலைக்கு அடையாளம் அதன் மறைந்த பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவர் அவர். ஒவ்வொன்றையும் புரட்டிக்கொண்டே எங்கள் மேசையை நோக்கி வந்தார்.

அண்ணனும் அதைக் கவனித்துவிட்டார். என் பக்கம் திரும்பாமலே, "டேய், சாமி தேருன்னு சொல்லுடா" என்றார்.

சொன்னேன். இது அம்மனுக்கான தேர், கவிழ்ப்பது எங்கள் வழக்கமில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். துரைசானி தலையசைத்து, மெதுவாகவே பார்ப்பதாக அன்போடு சொன்னார். பிறகு மண்டபத்துச் சேவகனைக் கூப்பிட்டார். அவன் தேரைக் குழந்தையைக் கிடத்துவது போல மல்லாத்தினான்.

கறுப்பு மையில் தோட்டத்தின் பெயர் முழுசாக இருந்தது.

முதலில் சிரித்தவர் பக்கத்துத் தோட்டத்துத் துரை. உங்கள் சரக்கு லண்டனுக்குப் போகிறதென்று நினைத்தேன், கோயிலுக்கா போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் துரையின் கழுத்து சிவந்தது. பிறகு அவரும் சிரித்தார். பலகையைக் கொடுத்ததே நான்தான் என்றார், அதே மொழியில், எல்லோர் காதிலும் விழும்படி. துரைசானி மகிழ்ந்துபோனார். முதல் பரிசுக்கான நீல நாடா தேரில் ஏறியது.

கூட்டம் நகர்ந்ததும் துரை ஓர் அடி பின்தங்கினார். அண்ணனைப் பார்த்துத் தமிழில், குரலைத் தாழ்த்தி, "திங்கக்கெழமை. பெரட்டு முடிஞ்சு ஆபீசுக்கு வா" என்றார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இங்கிலீசுல என்னடா சொன்னாரு?" என்றார் அண்ணன்.

"பலகைய அவரே குடுத்ததா சொன்னாருண்ணே."

"அப்பறம் எதுக்கு ஆபீசு?"

கண்காட்சி முடிந்தும் தேரை எங்களிடம் தரவில்லை. துரை சொல்லி அனுப்புவார் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் லயத்தில் இருந்தேன். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். சோறு வடிக்கச் சட்டி வேண்டுமென்று அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். பரிசுச் செய்தி கேட்டு வந்த பக்கத்துக் காம்பராக்காரர், "என்ன மச்சான், பிரைசு வாங்கிட்டு மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க?" என்று கேட்டார். அண்ணன் தலைவலி என்றார். அதன்பின் பிள்ளைகள் சத்தம் போட்டாலும் யாரும் அதட்டவில்லை.

திங்கள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அண்ணன் பேரை வழக்கம்போலக் கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அவர் ஆபீசுக்குள் போனார். முதலாளியிடம் அரை நாள் கேட்டு வந்திருந்த நான் கொழுந்து நிறுக்கிற கொட்டகை ஓரம் நின்றேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டிய அண்ணி கூடையோடு என் பக்கத்தில் நின்றாள்.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். துரை நாற்காலியில் இருந்தபடியே, "பலகை யார் குடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். குப்பையில் எடுத்தேன் என்று அண்ணன் ஆரம்பித்திருக்கிறார். துரை முடிக்க விடாமல் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டிருக்கிறார். அண்ணன், மன்னிக்கணுங்க என்றிருக்கிறார். மூன்றாம் முறையும் அதே கேள்வி. அப்போதுதான் அண்ணனுக்கு விளங்கியிருக்கிறது.

"தொரைதாங்க குடுத்தீங்க."

"அப்ப தேர் யாருது?"

"தொரையோடதுங்க."

"போ. வேலயப் பாரு."

வெளியே வந்த அண்ணன் எங்களிடம், "பெட்டி அடிக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னார். அண்ணி மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"தேரு?"

"தொரை பங்களால இருக்கும்."

அண்ணி கூடைக் கயிற்றை நெற்றியில் இழுத்து மாட்டினாள். "இருக்கட்டும். ஆத்தாளுக்குக் காலு இருக்கு, நடந்து வருவா." நேரம் கழித்து வருகிறவளைத் திட்டுவதற்கென்றே மலையில் கங்காணி நின்றுகொண்டிருந்தார். அவள் வேகமாக ஏறினாள்.

அந்த வருடத் திருவிழாவில் அம்மனை அண்ணன் தலையில் தூக்கி வந்தார். ஊர்வலம் பங்களா வளைவைக் கடந்தபோது முன்கூடத்துக் கண்ணாடி வழியே தேர் தெரிந்தது. அம்மன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். தலையில் சாமி இருந்ததால் அண்ணனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நடந்த அண்ணி பார்த்தாள். பறைச் சத்தத்தை மீறி, "பூவாவது வெச்சிருக்காங்க" என்றாள்.