கிரேன் நுழையாத சந்து

லாரியைக் கயிறு கட்டி இழுப்பேன். உருண்டைக் கல்லை நெஞ்சோடு அணைத்து மேடை மேல் ஏற்றுவேன். இரும்பு உருளையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பேன். இந்தப் பலசாலிப் போட்டியில் மாநில அளவில் மூன்று தடவை முதல் பரிசு வாங்கியவன் நான். சோறு போடுவது என்னவோ செல்லூரில் இருக்கிற என் லேத் பட்டறைதான். சாம்பியன் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, வீடு மாத்துறோம், பீரோவ ஒரு கை பிடிக்கிறீங்களா?"

முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தேசியப் போட்டிக்குத் தேர்வானேன். அதுதான் கடைசி வாய்ப்பும் என்று எனக்குத் தெரியும். புறப்பட ஆறு நாள் இருக்கும்போது, கட்சியில் வட்டப் பொறுப்பில் இருக்கும் என் நண்பன் பட்டறைக்கு வந்தான்.

"மாப்ள, உனக்குப் பாராட்டு விழா. தலைவர் வாராரு."

"ஜெயிச்சுட்டு வாரேன்டா, அப்புறம் வை."

"பிளெக்ஸ் அடிச்சாச்சு மாப்ள."

பிளெக்ஸ் அடித்தபிறகு இந்த ஊரில் கல்யாணமே நிற்காது. போய்ப் பார்த்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழ்மூலையில் ரேஷன் கார்டு படம் அளவுக்கு நான்.

விழா நாலு மணிக்கு. தலைவர் வந்தது ஏழு மணிக்கு. மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உடம்பு விறைத்துப் போயிருந்தது. தலைவருக்குப் போட ராட்சத மாலை சொல்லியிருந்தார்கள். ரோஜாவும் சம்பங்கியும் வைத்து, ஆறு பேர் சேர்ந்து கட்டிய மாலை. வாடக் கூடாதென்று சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஊறின மெத்தை மாதிரி கனத்துக் கிடந்தது. அதைக் கிரேனில் தொங்கவிட்டு அவர் தோளில் இறக்க வேண்டும். அதுதான் மரியாதை.

கிரேன் சந்து முனையில் நின்றுவிட்டது. செல்லூர்ச் சந்தில் ஆட்டோவே மூச்சுப் பிடித்துத்தான் நுழையும். கிரேன் போகுமா என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நண்பன் என்னைப் பார்த்தான்.

"லாரிய இழுக்குற ஆளு நீ! மாலைதானே மாப்ள!"

கூட்டம் விசிலடித்தது. உடம்பைச் சூடுபண்ணாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காதே என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்கிறவன் நான். விசில் சத்தத்தில் அந்தப் புத்தி எங்கே போனதோ, எழுந்து போய்த் தூக்கிவிட்டேன். தலைவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, அப்டியே நில்லுங்க, ட்ரோன் வருது," என்றான் படம் எடுக்கிறவன்.

ட்ரோன் வந்தது. போனது. வெளிச்சம் பத்தவில்லை என்று மறுபடி வந்தது. மாலைத் தண்ணீர் என் அக்குளுக்குள் ஓடியது. அப்போது இடது தோளுக்குள் ஏதோ அறுந்தது. கத்தவில்லை. சாம்பியன் பூவைத் தூக்கிக் கத்தினான் என்று சொல்வார்களே. என்னுடைய அந்த வெட்டி வீறாப்புக்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டில் என் மனைவி தைலம் தேய்த்தபடி கேட்டாள்: "லாரி இழுத்தப்ப ஒண்ணும் ஆகல. பூவத் தூக்கியா தோளு போச்சு?"

தேசியப் போட்டியில் லாரியை இழுத்து மூன்றாவதாக வந்தேன். அடுத்தது இரும்பு உருளை. நெஞ்சு வரை வந்தது. வலது கை ஏறியது, இடது கை வரவே இல்லை. உருளை கீழே விழுந்தது. என் போட்டியும் அதோடு முடிந்தது. நடுவர் கேட்டார், எப்படி அடிபட்டது என்று. "பயிற்சியில்" என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்த மறுநாளே நண்பன் பட்டறை வாசலில் நின்றான். கையில் விழாப் படம். மாலைக்குள் தலைவர் பூரித்து நிற்கிறார். மேலே இரண்டு கை மட்டும் தெரிகிறது. அது என்னுடையது.

"கலந்துக்கிட்டதுக்கே ஒரு விழா வச்சிருவோம் மாப்ள. இந்தத் தடவ சந்த அளந்துட்டுத்தான் கிரேன் சொல்லுவேன்."

அவன் முகத்துக்கு நேராக ஷட்டரை இறக்கினேன். வலது கையால். இடது கை அந்த உயரத்துக்கு எட்டவில்லை.