துப்பாக்கியின் மூக்குத்தி

என் சான்பாடா வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழல் நிற்கிறது. பக்கவாட்டில் துளைகள், ஒரு முனையில் திருகு மரை. மருமகள் முதலில் அதைத் தண்ணீர்க் குழாய்ச் சாமான் என்று நினைத்தாள். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று வீடு ஒழிக்கும்போதெல்லாம் என் மகன் சொல்கிறான். என் மதினியின் வேட்டைத் துப்பாக்கி வாயில் மாட்டியிருந்த சாமான் அது. அதைக் கழற்றி எறியச் சொன்னவர்கள் அறுபதுகளிலும் இருந்தார்கள். அவர்கள் சொல்லியே நடக்கவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்து மலையடிவாரத்தில் பிறந்தவள். பன்றி விரட்ட அவள் அப்பா வைத்திருந்த துப்பாக்கி, அவர் காலமான பிறகு முறையாக அவள் பெயருக்கு மாறி, எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சீனாவோடு சண்டை நடந்த பிறகு பெண்களுக்கும் சுடப் பழக்கித் தருகிறோம் என்று ஒரு கிளப் அறிவித்தது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்த மதினியும், கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த நானும் சேர்ந்தோம். நான் சுமாராகச் சுடுவேன். அவள் சுட்டால் குண்டுகள் குறி அட்டையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு விழும்.

குர்லாவில் ரயில் கூட்டம் தள்ளிவிட்டு அவள் தோள் எலும்பு முறிந்தது. ஆறிய பிறகும் துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையை அந்தத் தோள் தாங்கவில்லை. உதையைக் குறைக்கத்தான் துப்பாக்கிக் கடையில் இந்தக் குழலை வாங்கி மாட்டினாள். கிளப் ஆண்களுக்கு இது பொறுக்கவில்லை. பக்கத் துளைகள் வழியாக வந்த வெடிச்சத்தம், பக்கத்தில் படுத்துச் சுடுபவர்கள் காதைக் கிழித்தது உண்மைதான். அதைவிட, துப்பாக்கிக்கு மூக்குத்தி போட்டுவிட்டாள் என்று கேலி செய்யத்தான் அவர்களுக்கு ஆசை. மாட்டிய முதல் நாள் குண்டுகள் எல்லாம் கீழே இறங்கி விழுந்தன. துப்பாக்கியே கெட்டுவிட்டது என்றார் கிளப் செயலாளர். மதினி அட்டையை என்னிடம் நீட்டினாள். "பாருட்டி, செதறல. எடந்தான் மாறியிருக்கு." துப்பாக்கி நுனியில் கனம் ஏறினால் அது அதிரும் விதம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். குறி பார்க்கும் முள்ளை அதற்கேற்ப நகர்த்தினாள். சரியாகிவிட்டது.

செயலாளர் விடவில்லை. வீட்டுக்கே வந்து அப்பாவிடம், நல்ல துப்பாக்கி வீணாகிறது, விற்றுவிடுங்கள் என்று ஓதிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் மருமகள் துப்பாக்கியோடு பஸ் ஏறுவதில் சம்மதமில்லை. அடுத்த ஞாயிறு போட்டியைத் தானே வந்து பார்ப்பதாகவும், சரியாக வராவிட்டால் விற்றுவிடுவது என்றும் சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். நான் அழுதேன். மதினி அழவில்லை.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனை, தையல் மெஷின், அண்ணன் சைக்கிள் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக நிற்கும். ஒரு சாமானையும் விட்டுவிடக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். அதனால் மதினி குழலைக் கழற்றித் தனியாக வைத்தாள். அம்மா துப்பாக்கிக்கும் குழலுக்கும் சந்தனத்தைத் தாராளமாகவே பூசினாள். மறுநாள் மதினி வெளியே துடைத்துவிட்டுத் திருகி மாட்டினாள். மரைக்குள் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் மதினி சுட்ட அட்டையைக் கொண்டுவந்தார்கள். மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, ஒன்று அட்டையிலேயே இல்லை. செயலாளர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். இனிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் அப்பா எழுந்துவிட்டார். மதினி பாயில் குப்புறப் படுத்தபடியே அட்டையைப் பார்த்தாள். துப்பாக்கி காலிதான் என்று சரிபார்த்துவிட்டுக் குழலைக் கழற்றினாள். மரையில் சந்தனம் காய்ந்து கட்டி தட்டியிருந்தது. அதனால்தான் குழல் நேராக உட்காராமல் சாய்ந்து நின்றிருக்கிறது. கொண்டை ஊசியை உருவி மரையைச் சுரண்டிவிட்டுக் குழலை நேராகத் திருகி மாட்டினாள். அங்கே நின்றவர்களுக்கு விஷயம் புரிந்ததும் ஒரே சிரிப்பு. துப்பாக்கிக்குப் பூஜையா, இதனால்தான் பெண்களைக் கிளப்பில் சேர்க்கக் கூடாது என்றான் ஒருவன். எங்கள் வீட்டில் சாமானுக்குப் பொட்டு வைப்போம், இனிமேலும் வைப்போம் என்று மதினி தன் ஓட்டை இந்தியில் அவனுக்குச் சொன்னாள். பிறகு செயலாளரிடம் புது அட்டை கேட்டாள். ஆளுக்கு ஓர் அட்டைதான், எழுந்திரு என்றார் அவர். "நயா கார்டு தேவ். நை தோ மை நஹி உட்டேகா" என்றாள். கொடுக்காவிட்டால் எழுந்திருக்கமாட்டாளாம்.

அடுத்துச் சுட வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள். வெயில் ஏறியது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. குனிந்து, "எந்திரி தாயி, நாலு பேரு பாக்காங்க" என்றார்.

"பாக்கட்டும் மாமா. துப்பாக்கியிலயும் கொறையில்ல, என் கையிலயும் கொறையில்ல. சுட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

வேறு வழியில்லாமல், போட்டிக் கணக்கில் சேராது என்று சொல்லி ஓர் அட்டை மாட்டினார்கள். அவள் சுட்ட ஐந்து குண்டுகளின் துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம் போல இருந்தது. அந்த அட்டையை அப்பாவே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். விற்கும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. போட்டியில் அவளுக்குக் கடைசி இடம்தான். அதனால் என்ன?

காட்டில் வேட்டையே கூடாது என்று பின்னாளில் சட்டம் வந்தது. துப்பாக்கி அவள் தம்பி வீட்டுக்குப் போனது. மதினியும் காலமாகிவிட்டாள். குழலை மட்டும் என்னிடம் தந்திருந்தாள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் வைக்கிறேன், வெளிப்பக்கம் மட்டும். போன வாரமும் மகன் பழைய இரும்புக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, எழுந்து அலமாரியைத் திற என்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "நஹி உட்டேகா" என்றேன்.