யாருக்கோ வைத்த தட்டு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. முப்பது வருஷம் தமிழ் டீச்சராக வகுப்பில் நின்றபடியே பேசிப் பழகிய கால்கள். ஒரே மகன் போலந்துக்கு வேலைக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மோசம். துடைத்த தரையையே மறுபடி துடைப்பேன். பால் பொங்குவதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய்வந்துவிடுவேன். போன டிசம்பர் கடைசியில் அவன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்மேல்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு அந்தப் பத்து நாளும் ஒரு போலிஷ் சொல்லும் தேவைப்பட்டன.

அந்தச் சொல் 'கோஷ்ச்'. விருந்தாளி என்று அர்த்தம். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் இப்போது அங்கே ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறான். போன புதிதில், "இங்க வீட்டுக்கு வந்தவனும் கோஷ்ச்தான், கடைக்கு வந்தவனும் கோஷ்ச்தான், சும்மா ரோட்ல போற ஆளும் கோஷ்ச்தாம்மா" என்று சிரித்தான். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். அவன் பேசுகிற பாஷையில் ஒரு சொல்லாவது என் வீட்டில் இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். எங்கள் மூலக்குளம் தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது. இரவு எட்டரைக்கு வீடியோ காலில் வந்தான். அங்கே அப்போதுதான் சாயங்காலம். கூட வேலை செய்கிற ஒருவன் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறான் என்று சொல்லி மேசையைக் காட்டினான். வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணிக்கு அடியில் வைக்கோல் எட்டிப் பார்த்தது. மெழுகுவத்தி, மீன், சிவப்பாக ஏதோ சூப். எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன் முன்னால் ஒரு காலித் தட்டு.

"அது யாருக்குடா?"

"யாருக்கும் இல்லம்மா. திடீர்னு யாராவது கோஷ்ச் வந்தா உக்கார்றதுக்கு. வருஷா வருஷம் வெப்பாங்களாம்."

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டில் ஆள் இல்லாத இடத்தில் இலை போட்டால் அது படையல். அவன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்த வஞ்சிர வறுவலை வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே நிற்போம். நல்ல நாளில் உயிரோடிருப்பவன் அந்த இலைக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டான். இங்கேயோ, காலித் தட்டுக்குப் பக்கத்தில், போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பிள்ளை நிற்கிறான்.

"டேய், அந்தத் தட்ட எடுக்கச் சொல்லுடா! அதுகிட்ட நிக்காத, தள்ளி வா!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போல. மேசையைச் சுற்றியிருந்த அத்தனை தலையும் திரும்பியது. என் வயதிருக்கும் ஒரு அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா மானத்த வாங்குற" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

மறுநாள் கூப்பிடவில்லை. வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நான் கூப்பிட்டால் 'ஷிப்ட்' என்று ஒற்றை வார்த்தை மெசேஜ் வரும். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, மறுபடி கோபம் வந்தது. வீடு கொள்ளாமல் ஒருநாள் பஸ் ஏறி நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போனேன். புத்தாண்டுக் கூட்டம். டிக்கெட் வரிசையில் அரை மணி நேரம் நின்று, என் முறை வந்ததும் விலகிவிட்டேன். படகில் போகும்போது அவன் கூப்பிட்டு, சிக்னல் இல்லாமல் போய்விட்டால்?

அந்த நாட்களில்தான் சொல்லை நோண்ட ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? மகனிடம் கேட்க முடியாததை இண்டர்நெட்டிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் தூர தேசத்திலிருந்து சரக்கோடு வரும் வியாபாரிக்கும் கோஷ்ச் என்றுதான் பெயராம். அவன் வரும் பெருவழிக்கும், ஊரிலிருந்து வருகிறவர் பிள்ளைகளுக்கு வாங்கிவரும் பண்டத்துக்கும் அதிலிருந்தே ஒரு சொல் பிறந்திருக்கிறது. இங்கிலீஷ் 'கெஸ்ட்' அதற்குச் சொந்தக்காரன். ஆனால் அதே வேர் லத்தீனில் முதலில் அந்நியன் என்றிருந்து, பிறகு எதிரி என்று ஆகிவிட்டது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த ஊரில் என் பிள்ளை இதில் எது? தாயே இப்படிக் கத்தினால் அவர்கள் அவனை எதில் சேர்ப்பார்கள்? தூக்கம் போனது.

நம் தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் சாப்பாடு இல்லை. புதுமை. பிறகு புதிதாக வந்தவர். பாயசமெல்லாம் அதற்கும் பிறகு. முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். புதிதாக வருகிறவனுக்கு ஒரு தட்டு என்றதும் பேயைக் கண்டதுபோல் அலறியவளும் நானே. வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் அவனே கூப்பிட்டான். ஹலோகூடச் சொல்லவிடவில்லை நான்.

"அவங்க வழக்கம் தெரியாம கத்திட்டேன்டா, மன்னிச்சிக்கோ. அந்தத் தட்டுல கடைசில யாராவது வந்து உக்காந்தாங்களா?"

"நான்தாம்மா உக்காந்தேன். ரூம்ல தனியா கெடந்தேன்னு கூட வேலை செய்றவன் அவன் வீட்ல சொல்லாமலே என்னை இட்டுனு போய்ட்டான். எனக்குன்னு ஏது தட்டு? அது ஒண்ணுதான் இருந்துது."

என் பிள்ளை சாப்பிட வேண்டிய தட்டைத்தான் நான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த அம்மா கேட்டிருப்பாங்களே, நான் ஏன் கத்துனேன்னு. நீ இன்னா சொன்ன?"

"அம்மா நான் சாப்ட்டனான்னு கேக்குறாங்கன்னு சொன்னேன். ஒடனே இன்னொரு மீன் துண்டு வெச்சாங்க."