என் வாயால் வந்த ஏழாம் பிரிவு

கொழும்பில் சட்டம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் எல்லாரும் பாராளுமன்றத்தைக் காட்டுவார்கள். நான் உரைபெயர்ப்பாளர். கூட்டங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கியும் தமிழை ஆங்கிலமாக்கியும் வயிறு வளர்ப்பவள். நான் கண்டவரை, சட்டம் பெரிய ஹோட்டல் ஒன்றில் மீன் கட்லட்டுக்கும் இரண்டாவது கோப்பிக்கும் இடையில்தான் பிறக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் இடியப்பத்துக்கான ஒழுங்குவிதி பற்றி. கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பவர்கள் இனி வீட்டுக் குசினியில் அவிக்கக்கூடாது, தனிக் கட்டடம் வேண்டும் என்றது அதன் ஏழாம் பிரிவு. கேட்டால் மக்களின் சுகாதாரமாம். மக்கள்மேல் இவ்வளவு அக்கறை கொண்டு கூட்டத்துக்குச் செலவழித்தது பெரிய உணவுக் கம்பனிகளின் சங்கம். பைக்கற் இடியப்பத்தைச் சந்தைக்கு விட அவர்கள் ஆயத்தமாக நின்றார்கள். தலைமை தாங்கியவர் அமைச்சின் அதிகாரி. சங்கத்தின் செயலாளர் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரிக் கவனித்தார்.

கலந்தாலோசனை என்று பெயர் வைத்தால் பாதிக்கப்படுகிறவர்களையும் கூப்பிடத்தானே வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து சில பெண்களைக் கூட்டிவந்து, காதில் ஹெட்போனை மாட்டிக் கடைசி வரிசையில் இருத்தியிருந்தார்கள். ஒருத்தி எழுந்தாள்.

"நான் வீட்டிலதான் அவிக்கிறன் ஐயா. சுகாதாரப் பரிசோதகர் வந்து பாத்து, நல்லம் எண்டு சொல்லிட்டுத்தான் போறவர். ஒரு அறை வீட்டில இருக்கிற நான் தனிக் கட்டடத்துக்கு எங்க போறது? இது நிண்டால் பிள்ளையளின்ர படிப்பும் நிண்டிடும்."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை. முன்வரிசை ஹெட்போன்கள் எல்லாம் மேசையில் கிடந்தன. தமிழில் ஒரு சொல்லும் விளங்காத அதிகாரி தலையை மட்டும் அழகாக ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அமர்ந்ததும் செயலாளர் அதிகாரியின் காதுப்பக்கம் சரிந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிவதை அந்த மேதை கவனிக்கவில்லை. மண்டபத்தில் அது வெறும் முணுமுணுப்பு. கூண்டுக்குள் என் ஹெட்போனில் தெளிவாக விழுந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: மைக்கில் வருவதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்'. 'அவர் சொல்கிறார்' என்று சேர்ப்பது தொழில் தெரியாதவர்களின் வேலை. எனக்குத் தொழில் தெரியும். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

"ஏழாம் பிரிவை நாங்கள் எழுதித் தந்தபடியே விடுங்கள் சேர். இந்தப் பெண்கள் வேறெங்கே போகப்போகிறார்கள்? கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்குத்தான் வருவார்கள்."

கடைசி வரிசை முழுவதும் திரும்பி என் கூண்டைப் பார்த்தது. அவள் மறுபடி எழுந்தாள்.

"அப்ப எங்களை என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள்?"

அதையும் மேசையில் கிடந்த ஹெட்போன்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்த முகத்துடன் நன்றி கூறி, எல்லாரையும் தேநீருக்கு அழைத்தார்.

ஒழுங்குவிதி அரச வர்த்தமானியில் வெளியாகிச் சட்டமானது. ஏழாம் பிரிவில் ஒரு கமாகூட மாறவில்லை. பங்குபற்றியோரின் கருத்துகள் உள்வாங்கப்பட்டன என்று அறிக்கை விட்டார்கள். அந்தப் பச்சைப் பொய்யைத் தமிழாக்கியதும் நான்தான். அவர்கள் உள்வாங்கியது கட்லட்டை. அடுத்த கூட்டத்தில் மைக்குகள் மட்டும் புதிதாக இருந்தன. பொத்தானை அமத்திப் பிடித்தால்தான் அவை வேலை செய்யும்.

போன மாதம் கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில், வெள்ளவத்தைக்குப் போகிற பஸ் போய்விட்டதா என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். அவளேதான். கையில் கம்பனித் தொப்பி.

"கண்ணாடிக்குள்ள இருந்தது நீங்கள்தானே தங்கச்சி? நீங்கள் சொன்ன மாதிரியே தொழிற்சாலைக்கு வந்திட்டன்."

"அது அவர் சொன்னது, அக்கா."

"எனக்குக் கேட்டது உங்கட குரல்தானே" என்றுவிட்டு, வந்து நின்ற மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள்.