இரண்டாவது பெயர்

பாடசாலை அதிபரின் மேசையில் என் விண்ணப்பத் தாள் தனியாகக் கிடந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அறுபதுகளின் கடைசிப் பகுதி. இலங்கை மலைநாட்டின் பதுளையில் நான் படித்த பாடசாலையில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே படித்தோம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர விஞ்ஞான வகுப்பில் மட்டும் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அதிபர் கெட்ட மனிதர் அல்லர். என் கணிதப் புள்ளிகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். “பதினெட்டுப் பொடியன்கள் இருக்கிற வகுப்பு, மகள். ஒரு பிள்ளையத் தனியா விட்டா நாளைக்கு உங்க அப்பாவே வந்து என்னயக் கேப்பார். இன்னொரு பிள்ளையும் இருந்தா யோசிக்கலாம்” என்றார்.

அப்பா மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுபவர். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் சிறு வயது முதலே அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். கீழே ஒரு சக்கரம் சுழன்றால் மாடியில் இருப்பவை எப்படிச் சுழல்கின்றன என்று கேட்டு அப்பாவை அரித்தெடுப்பேன். பொறியியல் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே தொற்றிய ஆசை அது. அந்த ஆசைக்காகத்தான் அப்பா என்னைப் பதுளையில் மாமா வீட்டில் விட்டிருந்தார். அதிபரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது, இனித் தோட்டத்துக்குத் திரும்பிப் போவதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே என் தோழி காத்திருந்தாள். கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகள். தமிழில் எப்போதும் முதலாவதாக வருபவள். கலைப் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இன்னொரு பிள்ளைதானே வேணும்? எனக்கும் கணக்கு வரும். வாப்பாக்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாளில் கலைப் பிரிவுப் பட்டியலில் அவள் பெயர் வெட்டப்பட்டு, விஞ்ஞானப் பட்டியலின் அடியில் என் பெயருக்குக் கீழே ஏறியது.

வகுப்பில் நான் பயந்து பயந்து இருந்தேன். எதையாவது கேட்டால் தெரியாதவள் என்று பொடியன்கள் நினைப்பார்களே என்ற பயம். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிப் பாடமாக்கினேன். அவளுக்கு அந்தப் பயம் துளியும் இல்லை. ஒருநாள் மின்சுற்றுப் பாடத்தில் எழுந்து நின்றாள். “கரண்டு பல்புக்குள்ள போய் எரிஞ்சு தீர்ந்துடுதுன்னா, திரும்பி வர்றதுக்கு இன்னொரு கம்பி எதுக்கு சேர்?” வகுப்பே சிரித்தது. பௌதிக ஆசிரியர் சிரிக்கவில்லை. சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிரித்தவர்களில் ஒருவனை எழுப்பிப் பதில் சொல்லச் சொன்னார். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. அந்தச் சுற்றை அதற்குள் மூன்று முறை வரைந்திருந்தேன்.

பரீட்சை முடிவில் எனக்குப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்தது. அவள் பௌதிகத்தில் தவறிவிட்டாள். நான் பல்கலைக்கழகம் போன சில மாதங்களில் அவளுக்குப் பண்டாரவளையில் கல்யாணமாகிவிட்டது. கலைப் பிரிவில் இருந்திருந்தால் என்னோடு அவளும் பல்கலைக்கழகம் வந்திருப்பாள். இந்த நினைப்பிலேயே அவளுக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல் பத்து வருடத்துக்கு மேல் ஒதுங்கியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை நிமித்தம் அப்புத்தளையில் தங்க நேர்ந்தது. ஒரு விடுமுறை நாளில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். அவள் கணவர் வீட்டாருடையது மின்சாரச் சாமான்கள் விற்கும் கடை. மேசைக்குப் பின்னால், தலையில் முக்காட்டோடு, துணி தேய்க்கும் மின் அழுத்தி ஒன்றைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்தாள்.

தேநீர் குடித்து முடித்ததும் சொன்னேன்: “என்னாலதான் ஒன் படிப்பு போச்சு.”

காலிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “பெயிலானது வருத்தந்தான். இன்னொரு தரம் எழுத விட்டிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன். வாப்பா விடல. அதுக்கு நீ என்ன செய்வே?” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: “மொத வாரம் ஒனக்காகத்தான் வந்தேன். அதுக்குப் பொறகு வந்ததெல்லாம் எனக்காக. அந்த ரெண்டு வருசம் என்னோடது. அத நீ எடுத்துக்காத.”

திரும்பும் வழியில் பஸ்ஸின் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. இத்தனை காலமும் அவளை என் கதையில் வந்துபோன ஒருத்தியாகவே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குற்ற உணர்ச்சி என்று நான் சுமந்ததில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது.

இப்போது விஞ்ஞான வகுப்புகளில் பெண்பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களிடம் பேச என்னை அழைக்கும்போதெல்லாம் அவளைப் பற்றியும் சொல்கிறேன். முன்பெல்லாம் எனக்கு உதவிய தோழி என்று சொல்வேன். இப்போது, எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த முதல் இரண்டு பெண்களில் ஒருத்தி என்று சொல்கிறேன்.